காபி கப்பும் ஹாஷ்டேகும்: ஒரு டாக்டர் சங்கம் கூட்டம் சேர்த்த கதை

ஒரு சங்கத்துக்கு ஃபேஸ்புக் பக்கம் தொடங்குவது எப்படி, எக்ஸ் தளத்தில் ஆள் சேர்ப்பது எப்படி, எந்த நேரத்தில் படம் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்றெல்லாம் சொல்லித்தர இன்றைக்குத் தனி வகுப்புகளே நடக்கின்றன. எங்கள் மார்க்கெட்டிங் தாளில்கூட இதற்கு ஒரு அலகு உண்டு. படித்தால் எல்லாம் நேற்று முளைத்த சமாச்சாரம் போலத் தெரியும். ஆனால் டாக்டர்கள் சங்கம் ஒன்று நூறு வருடங்களுக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. பத்திரிகை, வானொலி, போஸ்டர், கிராமபோன் தட்டு, தொலைக்காட்சி என்று எது கைக்குக் கிடைத்ததோ அதை வைத்துக் கூட்டம் சேர்த்தது. சேர்த்த கூட்டத்தை வைத்து நாட்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தையே பல வருடங்கள் தள்ளிப்போட வைத்தது. பிறகு சமூக வலைத்தளக் காலம் வந்தபோது, அதே சங்கம் திணறியது.

அந்தச் சங்கத்தின் பெயர் அமெரிக்க மருத்துவர் சங்கம், சுருக்கமாக ஏ.எம்.ஏ. அதன் கதைதான் இன்றைக்கு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. காபிக்கு இந்தக் கதையில் தனி இடம் இருக்கிறது.

1847ல் பிலடெல்பியாவில் தொடங்கிய சங்கம் இது. ஆனால் முதல் ஐம்பது வருடங்கள் ஒப்புக்குச் சப்பாணிதான். 1900ல் உறுப்பினர்கள் சுமார் 8,000 பேர். 1901ல் அமைப்பு விதிகளை மாற்றினார்கள். உள்ளூர் மாவட்டச் சங்கத்தில் ஒரு டாக்டர் சேர்ந்தால் மாநிலச் சங்கம், தேசியச் சங்கம் என்று மேலே போகும் ஏணி அது. உள்ளூர்ச் சங்கத்தில் இருந்தால் நோயாளி வழக்குப் போடும்போது சட்ட உதவி கிடைக்கும், சக டாக்டர்கள் நோயாளிகளை அனுப்பிவைப்பார்கள். சேராமல் இருப்பதுதான் நஷ்டம். 1910ல் உறுப்பினர் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. நாட்டிலிருந்த டாக்டர்களில் பாதிப் பேர்!

இந்த ஏணியில் ஒரு விஷமமும் இருந்தது. நுழைவாசல் உள்ளூர்ச் சங்கத்தின் கையில். தெற்கு மாநிலங்களில் உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பின டாக்டர்களைச் சேர்க்கவே இல்லை. உள்ளூரில் கதவை மூடினால் தேசியச் சங்கத்திலும் இடம் கிடையாது. அவர்கள் 1895லேயே நேஷனல் மெடிக்கல் அசோசியேஷன் என்று தனியாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டாக்டர்களைச் சேர்த்தாயிற்று. பொதுமக்கள்? அங்கேதான் போட்டி. அந்தக் காலத்து அமெரிக்காவில் மக்களிடம் மருத்துவம் பேசியது டாக்டர் இல்லை, மருந்து விளம்பரம். சர்வரோக நிவாரணி ரகத்தில், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்றே சொல்லாத மருந்துகள். பாதிப் பாட்டில்களில் சாராயம், சிலவற்றில் அபின். பத்திரிகைகளுக்குப் படி அளந்ததே இந்த விளம்பரங்கள் என்பதால் பெரும்பாலானவை வாயைத் திறக்கவில்லை. 1905ல் கோலியர்ஸ் இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற பத்திரிகையாளர் இந்த மருந்துகளின் வண்டவாளத்தைத் தொடராக எழுதினார். ஏ.எம்.ஏ. அந்தத் தொடரைப் புத்தகமாகப் போட்டு அரை டாலருக்கு விற்றது. அடுத்தவர் எழுதிய நல்ல சரக்கைத் தன் பெயரில் பரப்புவதற்கு இன்று 'ஷேர்' என்று பெயர். 1906ல் உணவு, மருந்துக் கலப்படத் தடைச் சட்டம் வந்ததில் இந்தத் தொடருக்கும் பங்கு உண்டு.

அதே 1905ல் சங்கம் மருந்துகளைப் பரிசோதிக்க ஒரு குழு வைத்தது. குழு ஒப்புதல் தந்த மருந்துக்குத்தான் சங்கத்தின் இதழில் விளம்பர இடம். அடுத்து ஆர்தர் கிராம்ப் என்ற டாக்டரின் பொறுப்பில் ஒரு பிரிவு. யார் வேண்டுமானாலும் 'இந்த மருந்து நிஜமா, பொய்யா' என்று எழுதிக் கேட்கலாம், பதில் வரும். போலி மருந்துகளைப் பற்றிய போஸ்டர்கள், மேஜிக் லாந்தர் படத் தகடுகள் எல்லாம் தயாரித்துப் பள்ளிகளுக்கும் பொது அமைப்புகளுக்கும் அனுப்பினார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சங்கம் செய்த வேலைகளிலேயே சுத்தமானது இதுதான். கேட்டவனுக்குப் பதில். அவ்வளவுதான். அதற்கு மேல் விற்க எதுவும் இல்லை.

1923 ஏப்ரலில் பொதுமக்களுக்கென்றே 'ஹைஜீயா' என்று ஒரு மாத இதழ் வந்தது. ஆரோக்கியத்துக்கான கிரேக்கப் பெண் தெய்வத்தின் பெயர் அது. டாக்டர்களுக்கான சங்க இதழ் 1883லிருந்தே உண்டு. இன்றுவரை 'ஜாமா' என்று உலகம் முழுக்கப் படிக்கப்படுவது அதுதான். ஹைஜீயா வேறு ரகம். படமும் கதையுமாக எளிய நடை, டாக்டரிடம் காத்திருக்கும்போது புரட்டுவதற்கு. கிளினிக் காத்திருப்பு அறையைவிடப் பொறுமையான வாசகர் வேறு எங்கே கிடைப்பார்? அடுத்த வருடம் இரண்டு இதழ்களும் மோரிஸ் ஃபிஷ்பைன் கைக்கு வந்தன. அடுத்த 25 வருடங்கள் அமெரிக்க மருத்துவத்தின் குரல் என்றால் அவர்தான். எழுதுவார், மேடை ஏறுவார், வானொலியில் பேசுவார், கிண்டலடிப்பார். சும்மா ஒரு சங்கப் பத்திரிகையின் ஆசிரியர், 1937ல் டைம் இதழின் அட்டைப்படம் ஆனார்.

அவருடைய முக்கியமான எதிரி ஒரு ஆட்டுக்கிடா டாக்டர்.

ஜான் பிரிங்க்லி. கான்சாஸ் மாநிலத்தில் மில்ஃபோர்ட் என்ற சின்ன ஊர். பணம் கட்டினால் பட்டம் தரும் ரகக் கல்லூரியில் வாங்கிய டாக்டர் பட்டம். ஆண்மைக் குறைவுக்கு ஆட்டுக்கிடாவின் விரையை மனிதனுக்குள் வைத்துத் தைப்பது அவர் வைத்தியம். கட்டணம் 750 டாலர். அன்றைக்கு அது ஒரு காரின் விலைக்கு மேல். (நம்மூர் கேபிள் டிவியில் நள்ளிரவில் வரும் லாட்ஜ் வைத்தியர்களுக்கு இவரைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.)

இவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆபரேஷன் இல்லை, வானொலி. 1923ல், அதாவது ஹைஜீயா வந்த அதே வருடம், கே.எஃப்.கே.பி. என்று சொந்தமாக ஒரு நிலையம் தொடங்கினார். நாட்டுப்புறப் பாட்டு, பிரசங்கம், நடுவே தன் வைத்தியம் பற்றிய பேச்சு. பிறகு 'மெடிக்கல் கொஸ்டின் பாக்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் தங்கள் உபாதையைக் கடிதமாக எழுதுவார்கள். பிரிங்க்லி அதை மைக்கில் படித்துவிட்டு, ஆளைப் பார்க்காமலேயே 'உங்களுக்கு இன்ன நம்பர் மருந்து' என்பார். அவரோடு ஒப்பந்தம் போட்ட மருந்துக்கடைகளில் மட்டும் அந்த நம்பர் மருந்து கிடைக்கும். விற்ற ஒவ்வொரு பாட்டிலுக்கும் கடைக்காரர் அவருக்குக் கமிஷன் அனுப்ப வேண்டும். நேயர் கடிதம், உடனடிப் பதில், வாங்க வேண்டிய இடம், கமிஷன். இன்றைய இன்ஃப்ளூயன்சர் தொழிலில் இதில் இல்லாதது எது என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

ஏ.எம்.ஏ. தன் இதழில் அவரைப் போலி என்று எழுதியது. 1930ல் மத்திய வானொலி ஆணையம் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மாநில மருத்துவ வாரியம் டாக்டர் உரிமத்தையும் பறித்தது. மனிதர் அசரவில்லை. அதே வருடம் கவர்னர் தேர்தலில் நின்றார். வாக்குச்சீட்டில் பெயர் இல்லை, வாக்காளர்களே கைப்பட எழுத வேண்டும். அப்படியும் 1,83,278 வாக்குகள் எண்ணப்பட்டன! ஆனாலும் தோற்றார். பிறகு மெக்சிகோ எல்லைக்குள் போய், டெக்சாஸின் டெல் ரியோவுக்கு எதிர்க்கரையில், அமெரிக்கச் சட்டம் எட்டாத இடத்தில், அமெரிக்க நிலையங்களையே அமுக்கிவிடும் சக்தியுள்ள ஒரு நிலையம் கட்டினார்.

கடைசியில் அவரைச் சாய்த்தது ஹைஜீயாதான். 1938ல் ஃபிஷ்பைன் அதில் போலி வைத்தியர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் பிரிங்க்லியைப் பெயர் சொல்லித் திட்டினார். பிரிங்க்லி இரண்டரை லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். 1939ல் டெல் ரியோவில், பிரிங்க்லியின் சொந்தக் கோட்டையிலேயே, ஜூரிகள் ஃபிஷ்பைன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 'போலி' என்று சொன்னது அவதூறு இல்லை என்றாகிவிட்ட பிறகு, பாதிக்கப்பட்ட நோயாளிகள் வரிசையாக வழக்குப் போட்டார்கள். 1941ல் திவால், 1942ல் மரணம்.

இதுவரை படித்தவர்களுக்கு ஏ.எம்.ஏ. கதாநாயகன் மாதிரி தெரிந்திருக்கும். இங்கேதான் இடைவேளை.

போலி மருந்துக்கு எதிராக வாங்கிய ஒலிபெருக்கி அது. அதே ஒலிபெருக்கியைச் சங்கம் இன்னொரு பக்கமும் திருப்பியது. 1930களில் பொருளாதார மந்தம், மக்களிடம் டாக்டர் ஃபீஸ் கொடுக்கக் காசில்லை. மாதாமாதம் சிறு தொகை கட்டி, நோய் வந்தால் மருத்துவம் பெறும் திட்டங்கள் அங்கங்கே முளைத்தன. வாஷிங்டனில் அரசு ஊழியர்கள் சேர்ந்து 1937ல் தொடங்கிய குரூப் ஹெல்த் அசோசியேஷன் அப்படி ஒன்று. அதில் வேலைக்குச் சேர்ந்த டாக்டர்களைச் சங்கம் மிரட்டியது, மருத்துவமனைகளில் அவர்களுக்கு இடம் தரவிடாமல் தடுத்தது. அரசு வழக்குப் போட்டது. 1943ல் உச்ச நீதிமன்றம் ஏ.எம்.ஏ. குற்றவாளிதான் என்று உறுதி செய்தது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? ஷெர்மன் ஆன்டி-டிரஸ்ட் சட்டம். ஸ்டாண்டர்ட் ஆயில் ராக்ஃபெல்லரைப் பிடித்த அதே சட்டம். எங்கள் பிசினஸ் லா வகுப்பில் இந்த வழக்கைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்கவே மாட்டேன்.

1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் நாடு முழுவதற்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார். 1948ல் அவர் மறுபடி ஜெயித்ததும் சங்கத்துக்குக் கிலி பிடித்தது. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் தனி வசூல் போட்டார்கள். கலிபோர்னியாவில் க்ளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்று கணவன்-மனைவி இருவர், தேர்தல் பிரசாரத்தையே தொழிலாக நடத்தும் கம்பெனி வைத்திருந்தார்கள். கலிபோர்னியா கவர்னர் ஏர்ல் வாரன் கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டத்தை அங்குள்ள டாக்டர் சங்கத்துக்காக முறியடித்துக் காட்டியவர்கள். 1949ல் அவர்களை ஏ.எம்.ஏ. சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டது. (இருவரும் வந்த அதே வருடம் ஃபிஷ்பைனைச் சங்கம் ஓரங்கட்டியது. அவர் வாய் அதிகம், புதிய பிரசாரத்துக்கு அது ஒத்துவராது.)

அவர்கள் எடுத்த ஆயுதம் ஒரு ஓவியம். பிரிட்டிஷ் ஓவியர் லூக் ஃபில்ட்ஸ் 1891ல் வரைந்த 'தி டாக்டர்'. ஏழைக் குடிசை, இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவைத்த குழந்தை, மோவாயில் கைவைத்து அதையே பார்த்தபடி டாக்டர், பின்னால் இருட்டில் பெற்றோர். ஃபில்ட்ஸின் சொந்த மகனே சின்ன வயதில் இறந்துபோனவன், அப்போது கூடவே இருந்த டாக்டரை நினைத்து வரைந்தது என்பார்கள். சங்கத்தின் நூற்றாண்டுக்கு 1947ல் வந்த அமெரிக்கத் தபால்தலையிலும் இந்தப் படம்தான். இந்தப் படத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் போட்டு, பல்லாயிரக்கணக்கில் போஸ்டர் அடித்து, டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில் மாட்டினார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குடிசைக்காரர் டாக்டருக்கு எதைக் கொடுத்திருப்பார்? காசில்லாதவனுக்கு வைத்தியம் பார்க்கும் படத்தை, காசில்லாதவனுக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக மாட்டியிருக்கிறார்கள். ஓவியம் பிறந்த பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் அரசு மருத்துவச் சேவை நடைமுறைக்கு வந்திருந்தது என்பது கூடுதல் கூத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரசாரத் துண்டுப் பிரசுரம் ஒன்றில், சோஷலிச மருத்துவமே சோஷலிச அரசுக்கு அச்சாணி என்ற கருத்தை லெனின் சொன்னதாக அச்சடித்திருந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் தேடிப் பார்த்தார்கள். லெனின் எழுத்தில் எங்கேயும் அப்படி இல்லை! அப்துல் கலாம் சொன்னதாக, விவேகானந்தர் சொன்னதாக நமக்கு வாட்ஸப்பில் தினமும் வருமே, அதே ரகம். செய்தவர்கள் மட்டும் முகம் தெரியாத ஆட்கள் இல்லை, நாட்டின் மிகப் பெரிய டாக்டர் சங்கம்.

1950 அக்டோபரில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரே விளம்பரம். நாட்டில் வெளிவந்த அநேகமாக எல்லா நாளேடுகளும் வாரப் பத்திரிகைகளும் அதில் அடக்கம். மூன்றரை வருடத்தில் மொத்தச் செலவு கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர். ட்ரூமன் திட்டம் செத்தது.

இனி காபி.

1961. இந்தமுறை 65 வயதானவர்களுக்கு மட்டும் அரசு மருத்துவமனைக் காப்பீடு என்று ஒரு மசோதா. அதை எதிர்க்கச் சங்கம் கையில் எடுத்தது தன் மகளிர் துணை அமைப்பை, அதாவது டாக்டர்களின் மனைவிமார்களை. ஆளுக்கு ஒரு எல்.பி. இசைத்தட்டு அனுப்பப்பட்டது. அதில் ஒரு சினிமா நடிகர் பத்து நிமிடம் சொச்சம் பேசுகிறார். அவர் பெயர் ரொனால்ட் ரீகன். பின்னால் அதிபரான அதே ரீகன்தான். இந்த மசோதா வந்தால் நாளை எல்லாச் சுதந்திரமும் போய்விடும் என்று அந்தப் பழகிய குரலில் எச்சரிப்பார். திட்டத்தின் பெயர் 'ஆபரேஷன் காபி கப்'. அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைக்க வேண்டும், தட்டைப் போட்டுக் காட்ட வேண்டும், அங்கேயே காகிதம் பேனா கொடுத்துத் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதவைக்க வேண்டும். அச்சடித்த கடிதம் கூடாது, ஒவ்வொருவரும் தன் சொந்த வார்த்தையில், தன் கையெழுத்தில் எழுத வேண்டும். வாஷிங்டனில் தபால் பையைப் பிரிப்பவருக்கு, மக்கள் தானாகவே கொதித்தெழுந்த மாதிரி தெரிய வேண்டும்.

பத்திரிகைக்காரர் ட்ரூ பியர்சன் அந்த வருடமே இதை அம்பலப்படுத்தினார். ஆனாலும் நான் இந்தத் திட்டத்தை நினைத்து வியக்காத நாள் இல்லை. இது வானொலி மாதிரி ஒருவர் பேசி லட்சம் பேர் கேட்பது இல்லை. தெரிந்த முகம், தெரிந்த வீடு, கையில் சூடான காபி. சொல்வது சங்கம் என்றே கேட்பவருக்குத் தோன்றாது, 'நம்ம டாக்டர் வீட்டு அம்மா' சொல்வதாகத்தான் தோன்றும். சமூக வலைத்தளம் என்பது அடிப்படையில் இதுதான், கணினி மட்டும் பாக்கி. இந்தச் சங்கம் செய்த பிரசாரங்களிலேயே கெட்டிக்காரத்தனமானது எது என்றால் இதைச் சொல்வேன். நேர்மைக் குறைவானது எது என்றாலும் இதையேதான் சொல்வேன்.

1962 மே 20 அன்று அதிபர் கென்னடி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதியவர்கள் நிறைந்த கூட்டத்தில் மசோதாவை ஆதரித்துப் பேசினார். தொலைக்காட்சியிலும் வந்தது. ஏ.எம்.ஏ. என்ன செய்தது? கூட்டம் கலைந்த பிறகு அதே அரங்கத்தைப் பிடித்து, காலி நாற்காலிகளுக்கு நடுவே எட்வர்ட் ஆனிஸ் என்ற டாக்டரை நிற்கவைத்துப் பேசவைத்துப் பதிவு செய்தது. மறுநாள் மாலை காசு கொடுத்து என்.பி.சி.யில் ஒளிபரப்பியது. பின்னால் கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை, நேராகக் கேமராவைப் பார்த்து ஒரு டாக்டர். ஜூலையில் செனட் 52க்கு 48 என்று மசோதாவை ஒதுக்கி வைத்தது. ஆனிஸ் அடுத்த வருடம் சங்கத்தின் தலைவரானார்.

ஆனால் 1965 ஜூலை 30 அன்று மெடிகேர் சட்டமாகிவிட்டது. ட்ரூமனின் சொந்த ஊரான இண்டிபெண்டன்ஸுக்கே போய், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்துப் போட்டார் அதிபர் ஜான்சன். முதல் காப்பீட்டு அட்டையும் ட்ரூமனுக்குத்தான்.

அதற்குப் பிந்தைய முப்பது வருடங்களை நான் வேகமாகத் தாண்டுகிறேன். 1950களில் அமெரிக்க டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் சங்கத்தில் இருந்தார்கள். பிறகு அவரவர் துறைக்கென்று தனித்தனிச் சங்கங்கள் வளர்ந்தன, இளைய டாக்டர்கள் விலகினார்கள், 2010களில் கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டது. சந்தா வருமானம் போதவில்லை. அப்போது நடந்த ஒன்றைக் காமர்ஸ் மாணவன் சொல்லாமல் இருக்க முடியாது.

1997 ஆகஸ்ட். சன்பீம் என்ற வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியோடு ஏ.எம்.ஏ. ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. சன்பீம் விற்கும் தெர்மாமீட்டர், ரத்த அழுத்தக் கருவி போன்றவற்றில் சங்கத்தின் சின்னம் இருக்கும், விற்பனையில் சங்கத்துக்குப் பங்கு. பொருளைச் சங்கம் பரிசோதிக்குமா? இல்லை! 1905ல் மருந்தைச் சோதித்த பிறகே விளம்பரம் வாங்கிய அதே சங்கம். உறுப்பினர்களே கொதித்தார்கள். சில நாட்களில் சங்கம் பின்வாங்க, சன்பீம் வழக்குப் போட, 1998ல் 99 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். மேல்மட்ட நிர்வாகிகள் வேலை இழந்தார்கள். நற்பெயரைப் புலனாகாச் சொத்து என்று எங்கள் கணக்குப் பதிவியல் புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே அந்த நற்பெயர் யாருடையது என்பதுதான் எனக்குக் கேள்வி. ஊர் ஊராக ராத்திரி முழிச்சிருந்து வைத்தியம் பார்த்த டாக்டர்கள் சம்பாதித்தது அது. சங்கம் தன் ஐந்தொகையில் எழுதிக்கொண்டது.

இதற்குப் பிறகுதான் சமூக வலைத்தளங்கள் வருகின்றன. 2010 நவம்பரில் ஏ.எம்.ஏ. டாக்டர்களுக்கான நடத்தை விதிகளை வெளியிட்டது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுங்கள், சொந்த விஷயத்தையும் தொழிலையும் தனித்தனியாக வையுங்கள் என்ற ரகம். தப்பில்லை. ஆனால் கவனித்தீர்களா, காபி கப் காலத்தில் உறுப்பினர் வீட்டுக்கே தட்டு அனுப்பிப் பேசவைத்த சங்கம், இப்போது உறுப்பினர்களிடம் பார்த்துப் பேசுங்கள் என்கிறது.

2016 ஜூனில், ஆர்லாண்டோ துப்பாக்கிச் சூட்டில் 49 பேர் இறந்த சில நாட்களில், துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று ஏ.எம்.ஏ. தீர்மானம் போட்டது. செய்தியில் வந்தது, போனது. 2018 அக்டோபர் இறுதியில் இன்னொரு டாக்டர் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ், துப்பாக்கிக் காயங்களைக் குறைப்பது பற்றித் தன் இதழில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவும் சத்தமில்லாமல் போயிருக்க வேண்டியது. நவம்பர் 7 அன்று, துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன், டாக்டர்கள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும் என்ற தொனியில் ட்விட்டரில் ஒரு வரி போட்டது. சாலையில் உன் தடத்தில் போ என்பது போல, 'லேன்' என்ற சொல்லை வைத்து. அன்றிரவே கலிபோர்னியாவில் தௌசண்ட் ஓக்ஸ் மதுக்கூடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அப்புறம் நடந்ததை எந்தச் சங்கமும் திட்டம் போடவில்லை. பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் ஜூடி மெலினெக், உடல்களிலிருந்து தோட்டாவை எடுக்கும் நானே சொல்கிறேன், இதுதான் என் தடம் என்ற பொருளில் பதில் எழுதினார். 'திஸ் ஈஸ் அவர் லேன்' என்ற ஹாஷ்டேகில் அவசர சிகிச்சை டாக்டர்களும் நர்ஸுகளும் படம் போட ஆரம்பித்தார்கள். ரத்தம் தோய்ந்த உடை, ரத்தம் தோய்ந்த தரை, பிள்ளை இறந்துவிட்டான் என்று பெற்றவர்களிடம் சொல்வதற்கு உட்காரும் நாற்காலி. அதே பெயரில் ட்விட்டர் கணக்கு தொடங்கியவர் ஜோசப் சக்ரான் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். பதின்வயதில் தொண்டையில் குண்டடி பட்டுப் பிழைத்தவர், அதனாலேயே டாக்டரானவர். நவம்பர் 19 அன்று சிகாகோவில் ஒரு மருத்துவமனையிலேயே ஒரு பெண் டாக்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு இந்தக் குரலை யாரும் அடக்க முடியவில்லை. 2019 டிசம்பரில், இருபது வருடங்களுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், துப்பாக்கி வன்முறை ஆராய்ச்சிக்கென்று அமெரிக்க நாடாளுமன்றம் 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. இந்த ஹாஷ்டேகால் மட்டுமே வந்த பணம் என்று சொல்ல மாட்டேன், பல வருடங்களாகப் பலர் போராடியது அது.

இரண்டு வருட இடைவெளி, ஏறக்குறைய ஒரே விஷயம். தீர்மானத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நாற்காலியின் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். காபி கப் திட்டக்காரர்களுக்கு இதன் காரணம் 1961லேயே தெரிந்திருந்தது, அதனால்தான் சொந்தக் கையெழுத்தில் எழுதச் சொன்னார்கள். இந்தமுறை கையெழுத்தும் நிஜம், எழுதவைத்தவர் யாரும் இல்லை.

2021 பிப்ரவரியில் ஏ.எம்.ஏ. அதே ட்விட்டரில் மாட்டிக்கொண்டது. மருத்துவத்துறையில் இனப்பாகுபாடு பற்றி ஜாமா ஓர் ஒலிப்பதிவு உரையாடல் வெளியிட்டது. பேசிய இருவரும் வெள்ளையர்கள். அதை விளம்பரப்படுத்த இதழின் கணக்கிலிருந்து ஒரு ட்வீட். எந்த டாக்டரும் இனவெறியர் இல்லை, அப்படியிருக்க மருத்துவத்தில் அமைப்புரீதியான இனவெறி எப்படி இருக்க முடியும் என்று கேட்டது அது. ஆள் வந்து கேட்கட்டும் என்று ஆர்வத்தைத் தூண்டும் விதமாகக் கேள்வி போடுவது மார்க்கெட்டிங் பாலபாடம்தான். ஆனால் கேட்டது எந்தச் சங்கம்? கறுப்பின டாக்டர்களுக்கு உள்ளூர்க் கதவுகள் மூடியிருந்ததைப் பல தலைமுறைகளாகச் சகித்துவிட்டு, 2008 ஜூலையில்தான் அதற்கு மன்னிப்புக் கேட்ட சங்கம்.

ட்வீட்டை நீக்கினார்கள். ஒலிப்பதிவையும் எடுத்தார்கள். உரையாடலை நடத்திய துணை ஆசிரியர் பதவி விலகினார். அதோடு நிற்கவில்லை. டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள், இந்தமுறை சங்கத்துக்கு எதிராக. ஜாமாவின் தலைமை ஆசிரியர் ஹோவர்ட் பாச்னர் ஜூன் 30 அன்று பொறுப்பிலிருந்து இறங்கினார். ஃபிஷ்பைன் 25 வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. 2022ல் அதில் வந்து உட்கார்ந்தவர் கிர்ஸ்டன் பிபின்ஸ்-டோமிங்கோ. அந்த இதழுக்கு ஆசிரியரான முதல் கறுப்பினத்தவர்.